ஆறு நாற்பது குருவிகள்

டிசம்பர் எட்டாம் தேதி காலையில் கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கட்டுவதற்காகச் சேவியர் தன் வீட்டு முருங்கை மரத்தில் ஏறினார். முருங்கைக் கிளை ஆளைத் தாங்காது என்பது குருவிநத்தத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சேவியருக்கும் தெரியும். ஆனால் பத்து மணிக்கு டூட்டி, ஏணியைத் தேட நேரமில்லை. ஸ்டார் மேலேயே நின்றுவிட்டது. சேவியர் மட்டும் கீழே வந்துவிட்டார்.

வலது காலில் கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. முழங்கால்வரை மாவுக்கட்டு போட்ட டாக்டர், எட்டு வாரத்துக்கு அந்தக் காலை ஊன்றக்கூடாது என்றார்.

"எட்டு வாரம் நான் இன்னா சார் பண்றது?" என்று கேட்டார் சேவியர்.

"ஒண்ணும் பண்ணாதீங்க."

அது ஒன்றுதான் அவருக்கு வராது. பாண்டிச்சேரி – கடலூர் தடத்தில் பத்தொன்பது வருடமாகத் தனியார் பஸ் ஓட்டுகிறார். முன் சீட்டில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் கிருமாம்பாக்கம் வருவதற்குள் அவருடைய மாமியார் ஊர் வரைக்கும் விசாரித்து வைத்துவிடுவார். பேச ஆள் இல்லாத சமயத்தில் ஹாரன் அடிப்பார். அப்படிப்பட்டவரை நாற்காலியில் உட்காரவைத்து, காலை ஸ்டூலில் தூக்கி வைத்துவிட்டு, அவர் மனைவி ஜோஸ்பின் காலை எட்டு மணிக்குப் பாகூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டூட்டிக்குப் போய்விடுவார். ஜோஸ்பின் அங்கே நர்ஸ். திரும்பி வர நாலு மணி ஆகும். ஒரே மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தாள்.

முதல் இரண்டு நாள் தெருவாசலில் உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று, "எப்படி வுழுந்த?" என்று கேட்டார்கள். முருங்கை மரம் என்று சொன்னதும் அவர்கள் முகம் போன போக்கை அவரால் பார்க்க முடியவில்லை. பதினேழாவது ஆளுக்குப் பதில் சொன்ன பிறகு நாற்காலியைத் தோட்டத்துப் பக்கம் போடச் சொல்லிவிட்டார்.

தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கொய்யா மரம், துணி துவைக்கிற கல், செம்பருத்திச் செடி இரண்டு, அதற்கப்புறம் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஆதிலட்சுமியின் ஒரு காணி நெல், அதை ஒட்டி அவர் வீடு. ஆதிலட்சுமியின் வீட்டுக்காரர் சிங்காரவேலு பாகூரில் உரக்கடை வைத்திருந்ததால் பயிர் வேலை முழுக்க அந்த அம்மாள் பொறுப்பு. சேவியரின் அம்மா ரோசம்மாள் ஒரு காலத்தில் அந்த நிலத்தில் நடவு நட்டவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது இடுப்பளவு வேலிதான். இருந்தாலும் அதைத் தாண்டி யாரும் யார் வீட்டுக்கும் போனதில்லை. பண்டிகைக்குப் பலகாரம் வந்தால்கூட வேலிக்கு மேலே கை நீட்டி வாங்கிக்கொள்வதோடு சரி.

நான்காம் நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்து, மீதிச் சோற்றோடு தட்டைத் துவைக்கிற கல்மேல் வைத்தார் சேவியர். கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரே சத்தம். திரும்பிப் பார்த்தால் தவிட்டுக்குருவிகள், ஏழு. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒரே குடும்பத்து ஆட்கள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஒன்று பேசி முடிப்பதற்குள் இன்னொன்று பேசிக்கொண்டு தட்டைச் சுற்றி நின்றன. சேவியருக்கு நாலு நாளில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்ததும் ஏழும் பறந்துவிட்டன.

மறுநாள் அவரே வேண்டுமென்று சோறு வைத்தார். அதற்கு அடுத்த நாள், தேங்காய்ச் சிரட்டையில் நொய் போட்டுக் கொய்யாக் கிளையில் கட்டச் சொன்னார். பக்கத்திலேயே மண்சட்டியில் தண்ணீர். ஜோஸ்பின் சொன்னதைச் செய்தார். புருஷன் தொண்டை கிழியப் பேசாமல் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் அவருக்குப் போதும்.

ஒரு சிக்கல் இருந்தது. நாற்காலி போட்டிருந்த பின்பக்கச் சாய்ப்புக்குக் கீழே இடம் குறுகல். காலை நீட்டி வைக்க ஒரே ஒரு திசைதான் தோது. அந்தத் திசையில் உட்கார்ந்தால் கொய்யா மரம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கழுத்தைத் திருப்பினாலே குருவிகள் எழுந்துவிடும். இரண்டு நாள் யோசித்த சேவியருக்குச் சாமான் அறையில் கிடந்த பழைய பஸ் கண்ணாடி ஞாபகம் வந்தது. டிரைவருக்குப் பக்கவாட்டில் இருக்கிற நீளக் கண்ணாடி, ஒரு மூலையில் விரிசல். ஜோஸ்பின் அதைத் துணிக்கொடி கட்டுகிற கம்பத்தில் கட்டிச் சரியான கோணத்தில் சாய்த்ததும், சிரட்டை, சட்டி, கல், வேலி எல்லாம் அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. 

அதன்பிறகு சேவியர் முன்னால் பார்த்து உட்கார்ந்துகொண்டு பின்னால் நடப்பதை எல்லாம் பார்த்தார். குருவிகள் அவரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

பெயர்தான் தெரியவில்லை. ஜோஸ்பினுக்குக் காக்கா, மைனா, கிளி தெரியும். மற்றதெல்லாம் "அது ஏதோ ஒரு குருவி". அதனால் சேவியர் தானே பெயர் வைத்தார். செம்பருத்திப் பூவில் தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்த கறுநீலப் பொடிசு 'ஃபுட்போர்டு'. கரண்டுக் கம்பியில் வால் பிளந்து உட்கார்ந்து, மற்றவை எழுப்புகிற பூச்சியை மட்டும் பிடித்துப் போன கறுப்புக் குருவி 'செக்கிங் இன்ஸ்பெக்டர்'. தினமும் ஒரே நேரத்துக்கு வந்து, ஒரே கிளையில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் தண்ணீர் குடித்துப் போன கொண்டைக்குருவி ஜோடி 'சீசன் பாஸ்'. 

காலையில் மேற்குப் பக்கக் கரும்புத் தோட்டத்திலிருந்து கூட்டமாக வந்த சின்னக் குருவிகளுக்கு மட்டும் ஊரிலேயே பெயர் இருந்தது. நெல்லுக்குருவி. கட்டைவிரல் பருமன், பழுப்பு முதுகு, வயிற்றில் மீன் செதில் மாதிரி புள்ளி. முப்பது நாற்பதாக வந்து கொய்யாவில் இறங்கும். நொய்யைக் கொஞ்சம் தின்னும். பிறகு வேலியைத் தாண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆதிலட்சுமியின் நெல் பால் பிடித்துக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் அந்த அம்மாள் கையில் எண்ணெய் டின்னும் குச்சியுமாக வேலி ஓரம் வந்து நின்றார்.

"சேவியரு."

"இன்னாக்கா?"

"மரத்துல இன்னா கட்டி வச்சிருக்க?"

"செரட்டக்கா."

"அதுல இன்னா?"

"நொய்யி."

"யாருக்கு?"

சேவியர் கண்ணாடியில் கொய்யாக் கிளையைப் பார்த்தார்.

"என் நெல்லு பால் புடிக்கிற நேரம்பா இது. ஒரு கதிர இதுங்க வாய் வச்சா அவ்வளவும் பதரு. நீ விருந்து வச்சிக் கூப்புடுற. உன் வூட்ல டிபன் முடிச்சிட்டு என் வயலுக்குச் சாப்பாட்டுக்கு வருதுங்க."

"நான் கூப்புட்டு வரலக்கா. நான் வைக்கிறதுக்கு முன்னயும் வந்துக்கினுதான் இருந்துச்சி."

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"அப்புறம்?"

சேவியர் பேச்சில் தோற்றுப் பழக்கமில்லாதவர். "நீ காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் டின்னு தட்டற சத்தத்துல எனக்குக் காது போவுது, அத்த நான் கேட்டனா?" என்றார்.

"தட்டுவேன். என் டின்னு, என் வயலு" என்று சொல்லி, அங்கேயே நின்று ஐந்து நிமிடம் தட்டினார் ஆதிலட்சுமி. செக்கிங் இன்ஸ்பெக்டர்கூடக் கம்பியை விட்டுப் போய்விட்டது. சாயங்காலம் வேலி நெடுக ஜிகினா ரிப்பன் கட்டினார். அது காற்றில் ஓயாமல் விர்ரென்று அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த நாள் தோட்டத்துக்குக் காக்கா மட்டும் வந்தது.

ஜோஸ்பினிடம் சொன்னதற்கு, "அவங்க சொல்றதுல இன்னா தப்பு? பயிர் வச்சவங்களுக்குத்தான் தெரியும்" என்று முடித்துவிட்டார். அந்த வருடம் கிறிஸ்துமஸ் கேக் வேலியைத் தாண்டவில்லை.

சேவியருக்கு ரோஷம். தான் வைத்த நொய்தான் காரணமா என்று பார்த்துவிட வேண்டும் என்று சிரட்டையைக் காலியாக விட்டார். ரிப்பன் பழகிப்போய், மூன்றாம் நாளே நெல்லுக்குருவிகள் வந்துவிட்டன. கொய்யாவில் இறங்கின, காலிச் சிரட்டையைப் பார்த்தன, வயலுக்குப் போயின. அப்போது மணி காலை ஆறு நாற்பது. 

மறுநாளும் ஆறு நாற்பது. அதற்கு மறுநாள் ஆறு முப்பத்தெட்டு.

நேரத்துக்கு வருகிற எதைப் பார்த்தாலும் சேவியருக்கு மரியாதை வந்துவிடும். ஜோஸ்பினின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, பஸ்ஸுக்கு எழுதுகிற ட்ரிப் ஷீட் மாதிரியே கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். புறப்பட்ட இடம், வந்து சேர்ந்த நேரம், எத்தனை, எந்தப் பக்கம் போயின. ஒன்பது நாள் எழுதினார். முதல் ட்ரிப் ஆறு நாற்பது, மேற்கிலிருந்து, ஃபுல் லோடு. ஏழரை வரைக்கும் வயலில். பிறகு வாய்க்காலில் தண்ணீர் குடித்து ஆற்றங்கரை நாணல் பக்கம் போய்விடும். எட்டு பத்துக்குக் கிளிகள், ஐந்தாறு, பத்து நிமிடம். ஒன்பது மணிக்கு மேல் மத்தியானம் மூன்றரை வரைக்கும் வயலில் ஒரு குருவி இறங்காது. மூன்றரைக்கு இரண்டாவது ட்ரிப். நாலு ஐம்பதுக்குக் கடைசி வண்டி. ஞாயிற்றுக்கிழமை சர்வீஸிலும் மாற்றம் இல்லை.

இன்னொன்றும் அந்த நோட்டில் தானாகவே தெரிந்தது. ஆதிலட்சுமி மாடு கறந்து, பால் ஊற்றிவிட்டு வயலுக்கு வந்து சேர ஏழேகால் ஆகிவிடுகிறது. அதற்குள் முதல் ட்ரிப் முக்கால்வாசி தின்று முடித்துவிடும். ஒன்பதுக்கு மேல் மூன்றரை வரைக்கும் அந்த அம்மாள் தட்டுவது வெறும் வயலைப் பார்த்துத்தான்.

இது தெரிந்த அன்று சேவியருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்று இருந்தது. தட்டட்டும் என்று விட்டுவிட்டார். இரண்டு நாள் அந்தச் சுகத்தில் இருந்தார். 

மூன்றாம் நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடியில் பார்த்தார். ஆதிலட்சுமி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து நடந்து தட்டினார். வயலில் ஒரு குருவி இல்லை. கொஞ்ச நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியும் தட்டினார். சேவியருக்கு அதற்குமேல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கழுத்தைத் திருப்பிக் கூப்பிட்டார்.

"யக்கா, இப்போ எதுக்குத் தட்டற?"

"குருவி வரும்."

"இப்போ வராது. மூணரைக்குத்தான் வரும்."

"உன்கிட்ட சொல்லிட்டுப் போச்சா?"

"சொல்லல. ஒம்போது நாளா பாத்துக்கினு இருக்கேன். எழுதி வச்சிருக்கேன். வேணும்னா வந்து பாரு."

ஆதிலட்சுமி எழுந்தார். வேலியருகே வந்து நின்றார். நோட்டை நீட்டினால் கைக்கு எட்டாது, சேவியரால் எழுந்து வரவும் முடியாது. ஒரு நிமிடம் அப்படியே நின்றவர், வேலியில் ஆடு நுழைகிற சந்து இருந்த இடத்தில் முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து நோட்டை வாங்கிப் படித்தார். விரல் வைத்து, ஒரு வரி விடாமல்.

"எஃப் எல் னு போட்டிருக்கியே, இன்னா அது?"

"ஃபுல் லோடு."

"எஸ் எஸ்?"

"சீட்டு மட்டும் சரியா இருந்துச்சின்னு அர்த்தம். நிக்கறவன் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "ஆறு நாப்பதா?" என்றார்.

"ரெண்டு நிமிஷம் முன்ன பின்ன."

"நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிப் பூடுதா. பாவிங்க."

மறுநாள் மாட்டைப் பிறகு கறந்துகொள்ளலாம் என்று ஆறரைக்கே டின்னோடு வந்து நின்றார். ஆறு நாற்பதுக்குக் கரும்புத் தோட்டத்திலிருந்து கூட்டம் எழுந்தது. கொய்யாவுக்கு வருவதற்கு முன்னாலேயே ஒரு தட்டு தட்டினார். கூட்டம் அந்தரத்தில் ஒரு துணி மாதிரி மடங்கித் திரும்பி, ஆற்றங்கரைப் பக்கம் போய்விட்டது. எட்டு பத்துக்கு ஒரு தடவை, மூன்றரைக்கு ஒரு தடவை, நாலு ஐம்பதுக்கு ஒரு தடவை. மற்ற நேரம் டின் சும்மா கிடந்தது. நாலு நாள் கழித்து அவரே சந்து வழியாக வந்து சிரட்டையில் நொய் போட்டார்.

"ஒம்போது மணிக்கு மேல போட்டுக்க. அதுக்கு முன்ன போடாத."

"சரிக்கா."

அன்று ஜோஸ்பின் ஃபிளாஸ்க்கில் வைத்துவிட்டுப் போன டீயை இருவரும் குடித்தார்கள். ஆதிலட்சுமி கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "இத்தினி குருவி இருக்குதா இங்க? நான் எல்லாத்தையும் ஒண்ணுன்னு நெனச்சித் தட்டிக்கினு இருந்தேன்" என்றார். அதன்பிறகு அந்த நேரத்துக்கு அவர் வருவது வழக்கமாகிவிட்டது. சேவியர் அவர் பெயருக்கும் நோட்டில் ஒரு வரி போடலாமா என்று யோசித்தார். ஒன்பது பத்து, கிழக்கிலிருந்து. போடவில்லை. படித்துவிடுவார்.

நோட்டின் ஒரு பக்கத்தை ஜோஸ்பின் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். சுகாதார நிலையத்துக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்த புகழ்வேந்தனிடம் சிரிப்புக்காகக் காட்டினார். புகழ்வேந்தன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார், லீவு நாளில் பைனாகுலரோடு பாகூர் ஏரியைச் சுற்றுகிறவர். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர், மாத்திரையை மறந்துவிட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்தில் வந்து நின்றார்.

நெல்லுக்குருவிக்குப் புள்ளிச் சில்லை என்று பெயர், ஃபுட்போர்டு தேன்சிட்டு, செக்கிங் இன்ஸ்பெக்டர் கரிச்சான் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, சேவியர் எழுதிக்கொண்டார். "சீசன் பாஸை மட்டும் மாத்த மாட்டேன் சார்" என்றார்.

"மாத்த வேணாங்க" என்றார் வாத்தியார். "பொங்கல் நாலு நாளும் தமிழ் பேசுற ஊரெல்லாம் பறவை எண்ணுவாங்க. நாங்க மணப்பட்டுக் கடற்கரையில எண்ணப்போறோம். நீங்க வரணும்."

"கால இப்டி வச்சிக்கினு எப்டி சார் வர்றது?"

கல்மேல் உட்கார்ந்திருந்த ஆதிலட்சுமி, "என் வண்டில வா" என்றார். 

சேவியர், வாத்தியார், டீ கொண்டுவந்த ஜோஸ்பின், மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். "இன்னா பாக்கறீங்க? ரெண்டு மூட்ட யூரியா ஏத்துற வண்டி. இவன ஏத்தாதா?"

பொங்கலுக்கு மறுநாள் காலை டி.வி.எஸ். எக்ஸெல்லில் இருவரும் புறப்பட்டார்கள். மாவுக்கட்டுக் கால் பக்கவாட்டில் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ஊன்றுகோலைச் சேவியர் மடியில் குறுக்கே பிடித்திருந்தார். பாகூர் தாண்டுவதற்குள், "வளவுல ஹாரன் அடிக்கா", "கியர் இல்லாத வண்டிய இப்டி முறுக்காத", "அவன் வர்றான், ஒதுங்கு" என்று பதினைந்து தடவை சொல்லிவிட்டார்.

ஆதிலட்சுமி வண்டியை ஓரம் கட்டினார். "சேவியரு, வண்டி யாரு ஓட்டறா?"

"நீதாங்கா."

"அப்போ எறங்கற வரைக்கும் குருவி பாரு."

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டைத் தாண்டக் காத்திருந்தபோது, எதிரே சேவியருடைய பஸ்ஸே வந்தது. வேறு டிரைவர். கண்டக்டர் அன்புராஜ் படியில் தொங்கியபடி, "அண்ணே, பொண்டாட்டிக்கு ஒழுங்கா சொல்லிட்டு வந்தியா?" என்று கத்திக்கொண்டே போனார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆதிலட்சுமி கையைத் தூக்கி அதற்கு ஒரு டாட்டா காட்டினார்.

மணப்பட்டுக் கடற்கரையில் டீக்கடைப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, மணலில் போட்டுச் சேவியரை உட்காரவைத்தார்கள். வலை சரிபார்த்துக்கொண்டிருந்த மீனவர்கள் யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். வாத்தியாரோடு கல்லூரிப் பெண் ஒருத்தி, இளவரசி, கேமராவோடு வந்திருந்தாள். தூரத்தில் அலை ஏறி இறங்குகிற மணல் திட்டில் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு கூட்டம், காற்று வருகிற பக்கம் பார்த்து நின்றது. மஞ்சள் அலகு, பின்தலையில் கலைந்த கறுப்புக் கொண்டை.

"பெரிய கொண்டை ஆலா" என்றார் வாத்தியார். பைனாகுலரில் எண்ண ஆரம்பித்தார். எழுபது வரும்போது கூட்டம் எழுந்து மறுபடி உட்கார்ந்தது. முதலிலிருந்து எண்ணினார். மறுபடி எழுந்தது.

சேவியர் பைனாகுலர் இல்லாமல் ஒரு தடவை பார்த்தார். "நூத்தி நாப்பது. மேல ரெண்டு மூணு இருக்கும்."

"எப்படிங்க சொல்றீங்க?"

"கண்ணாடியில ஒரு தடவ பாத்தாப் போதும் சார், உள்ள எத்தினி பேரு நிக்கறான்னு தெரிஞ்சிடும். ரெண்டு பஸ், ரெண்டுலயும் நிக்கறவன் இருக்கான், ஃபுட்போர்டுல கொஞ்சம்."

இளவரசி எடுத்த படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணினாள். நூற்று நாற்பத்து மூன்று. வாத்தியார் பைனாகுலரைக் கழற்றிச் சேவியர் கழுத்தில் மாட்டிவிட்டார். அதன்பிறகு அந்தக் காலை முழுக்கச் சேவியர் எண்ணிச் சொல்ல வாத்தியார் எழுதினார். அலை பின்வாங்கும்போது ஓடிப்போய்க் கொத்திவிட்டு, அலை வரும்போது திரும்பி ஓடிவருகிற சின்ன உள்ளான்கள் ஐம்பத்தெட்டு. கடல்காகம் பதினொன்று.

ஆதிலட்சுமிக்கு எண்ணுவதில் ஆர்வமில்லை. "எதுவும் தின்ன மாட்டேங்குது. சும்மா நிக்குது. இத்த எதுக்கு எண்றது?" என்று சொல்லிவிட்டுக் கரையோரமாக நடந்து போனார். கொஞ்ச நேரத்தில் படகுகளுக்குப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. "சாரு, இங்க வாங்க. ஒண்ணு மாட்டிக்கினு கெடக்குது."

ஓர் ஆலா. ஒரு இறக்கை விரிந்தபடி மணலில் கிடந்தது. அறுந்த வலையின் நைலான் நரம்பு அலகைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி, இறக்கைக்கு அடியில் புகுந்து கால்வரை போயிருந்தது. கிட்டே போனால் தத்தித் தத்தித் தண்ணீரை நோக்கிப் போனது. அலையில் மாட்டினால் முடிந்தது. வனத்துறை எண்ணை வாத்தியார் போனில் தேடினார். படம் எடுப்பதா வேண்டாமா என்று இளவரசி நின்றாள். ஆதிலட்சுமி திரும்பி நடந்து வந்து, சேவியர் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு போனார். கடல் பக்கமாகச் சுற்றிப் போய், அது கரைப்பக்கம் திரும்பிய நேரம் பார்த்து ஒரே வீச்சு. துண்டுக்குள் ஆலா அடங்கிவிட்டது. 

அப்படியே கொண்டுவந்து சேவியர் மடியில் வைத்தார். "நீதான் ஆடாம உக்காந்திருக்க. புடி."

சேவியர் இரண்டு கையாலும் பிடித்தார். பார்க்கப் பெரிதாக இருந்தது கையில் ஒன்றுமே இல்லாததுபோல் லேசாக இருந்தது. துண்டுக்குள்ளே நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் அவர் முழங்கை வரைக்கும் தெரிந்தது. இறுக்கினால் போய்விடும், தளர்த்தினால் உதறிக்கொள்ளும். இவ்வளவு அளவாக அவர் எதையும் பிடித்ததில்லை. மீனவர் ஒருவர் வலை அறுக்கிற சின்னக் கத்தியைக் கொடுத்தார். ஆதிலட்சுமி மணலில் மண்டியிட்டு ஒவ்வொரு சுற்றாக அறுத்தார். அலகு விடுபட்டதும் அது முதல் வேலையாக அவர் கட்டைவிரலைப் பிடித்துக் கிழித்தது. ரத்தம் வந்தது. அவர் கையை இழுக்கவில்லை.

"கடி. நான் உங்க ஆளுங்களத் தட்டின தட்டுக்கு இது கம்மிதான்" என்று சொல்லிக்கொண்டே கால் சுற்றையும் அறுத்தார்.

துண்டைத் திறந்து மணலில் விட்டார்கள். அது பறக்கவில்லை. உட்கார்ந்திருந்தது. எல்லாரும் பத்தடி தள்ளிப் போனார்கள். சேவியரால் போக முடியாது. அவருக்கும் அதற்கும் நடுவே இரண்டு முழம் மணல். ஐந்து நிமிடமா பத்து நிமிடமா தெரியாது. சேவியர் மூச்சுக்கூட மெதுவாக விட்டார். கடைசியில் அது இறக்கையை விரித்துப் பார்த்தது, மடக்கியது, மறுபடி விரித்தது. ஒரு காற்று வந்தபோது அதன்மேல் ஏறிக்கொண்டது. தாழ்வாகவே போய்த் திட்டில் மற்றவற்றோடு இறங்கியது. இறங்கிய பிறகு எது அது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்தார். "சேவியர், ஆலா எவ்வளவுன்னு போட?"

"நூத்தி நாப்பத்தி நாலு சார்" என்றார் சேவியர்.

வீட்டுக்கு வந்ததும் ஜோஸ்பின், ஆதிலட்சுமியைத் தன் சமையலறை ஸ்டூலிலேயே உட்காரவைத்துக் கட்டைவிரலைக் கழுவிக் கட்டுப்போட்டார். "ஊசி போடணும்கா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றதற்கு, "ஊசி போடற அளவுக்கு ஒண்ணும் கடிக்கல" என்றார். மறுநாள் காலையில் முதல் ஆளாக வரிசையில் நின்றார். கேட்டவர்களிடமெல்லாம் கட்டைவிரலைக் காட்டி, "ஆலா கடிச்சிருச்சி" என்று பெருமையாகச் சொன்னார்.

தை கடைசியில் அறுவடை ஆனது. வேலி ஓரத்து இரண்டு பாத்தியில் வழக்கமாக வைக்கோல்தான் மிஞ்சும், இந்த வருடம் நெல்லும் வந்தது. தூற்றி எடுத்த பிறகு ஒரு கோணிப்பை நிறைய, அரைகுறையாக முற்றிய கருக்கா நெல்லைச் சந்து வழியாகக் கொண்டுவந்து சேவியர் சாய்ப்பில் வைத்தார் ஆதிலட்சுமி. "எனக்கு ஆவாது. அதுங்களுக்கு ஆவும். இனிமே எந்நேரம் வேணா போடு." 

மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் மெலிந்து வெளுத்திருந்தது. ஒரு மாதம் நடந்து பழகி, மார்ச் முதல் வாரத்தில் சேவியர் பஸ் ஏறினார். பயணிகள் பழையபடி மாமியார் ஊர்வரைக்கும் சொல்ல வேண்டியிருந்தது. புதிதாக ஒன்று மட்டும் சேர்ந்தது. ரோட்டோரத்துக் குட்டை வந்தால் வண்டி தானாகக் கொஞ்சம் மெதுவாகும், கண்டக்டர் அன்புராஜ் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு நாள் கடலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றிருந்தது. எடுக்க ஐந்து நிமிடம் இருந்தபோது போன் வந்தது. ஆதிலட்சுமி.

"சேவியரு, அடுத்த நடவுக்கு வயல்ல தண்ணி கட்டியிருக்கேன். அதுல ஏதோ குருவி வந்து நிக்குது. ஒடம்பு வெள்ள, ரெக்க கறுப்பு. கால் மட்டும் இத்தாம் பெரிசு, செவப்பா. இன்னா அது?"

"பவளக்காலிக்கா. எத்தினி?"

"நாலு. இரு. வரப்புக்குப் பின்னால ஒண்ணு நிக்குது. அஞ்சு. எழுதிக்க."

சேவியர் அன்புராஜிடம் பேனாவை வாங்கி உள்ளங்கையில் எழுதினார். பதினொன்று இருபது, ஐந்து.

"நீ எப்போ வருவ?" என்றார் ஆதிலட்சுமி.

"நாலரைக்கு டூட்டி முடியும். வூட்டுக்கு வர அஞ்சரை ஆவும். அதுவரைக்கும் நிக்குமான்னு தெரியல."

"நிக்கும், நிக்கும். இன்னிக்கு ஓட்ட வந்த டிராக்டர்காரன நாளைக்கு வரச் சொல்லிட்டேன்."